எண்பத்து மூன்றாம் கல்லில் இண்ட்லோவு

வெலாஃபி இண்ட்லோவு ரயிலில் அடிபட்டார் என்ற செய்தி டெட்டே ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவர் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, உயிரோடு, ஒரு இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செய்தி கேட்டு ஊரில் பாதிப் பேர் போர்வையோடு கிளம்பினார்கள். மீதிப் பேர் கத்தியும் பேசின் பாத்திரமுமாகக் கிளம்பினார்கள். இரண்டு தரப்பும் கேட்டது ஒரே செய்தி. அதில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது.

பெயரிலிருந்து ஆரம்பித்தால்தான் இது விளங்கும். இந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு மிருகம். சிபாண்டா சிங்கம், நியாத்தி காட்டெருமை, டூபே வரிக்குதிரை, இங்வென்யா முதலை. இண்ட்லோவு என்றால் யானை. குலத்தின் மிருகத்தைக் கொல்லக்கூடாது, தின்னக்கூடாது. வெலாஃபி தன் ஆயுளில் யானைக்கறியை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் ரயில்வே அவருக்குக் கொடுத்த வேலை தண்டவாளப் பராமரிப்பு. அதுவும் காட்டின் ஓரமாக ஓடும் அந்த நேர்க்கோட்டுப் பாதையில். இருபத்தாறு வருஷத்தில் ரயிலில் அடிபட்ட முப்பத்தோரு யானைகளைச் சங்கிலி கட்டித் தண்டவாளத்திலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார். ஊரிலேயே யானையைத் தொடக்கூடாத மனிதர்தான் ஊரிலேயே அதிகமாகச் செத்த யானையைத் தொட்டவர். ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றி அதன் கண்மேல் வைப்பார். சுற்றிலும் ஜனங்கள் கறிக்காகப் பேசினோடு காத்திருப்பார்கள். "பாபா, தொப்பிய எடுத்தீங்கன்னா காதுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுடலாம்" என்று யாராவது மரியாதையாகவே கேட்பார்கள்.

அவர் மனைவி மாடூபே, வரிக்குதிரைக் குலத்துப் பெண்; பெண்களுக்குக் குலப்பெயரின் முன்னால் 'மா' சேரும். அவளுக்கு யானை விலக்கில்லை. வீட்டுச் சட்டியில் அவள் அதைச் சமைத்ததில்லை. ரயில் யானையை அடித்த வாரங்களில் மட்டும் பக்கத்து வீட்டு மாங்வென்யாவோடு அவளுக்கு நட்பு கூடிவிடும். சாயங்காலமானால் அங்கே போய்விடுவாள். வெலாஃபி எதுவும் கேட்பதில்லை. முப்பது வருஷக் குடித்தனம் கேட்காத கேள்விகளின் மேல்தான் நிற்கிறது என்பது அவர் கட்சி.

போன வருஷம் கம்பங்கள் வந்தன. எழுபதாம் கிலோமீட்டர்க் கல்லிலிருந்து நூறாம் கல்வரை, கல்லுக்கு ஒன்று. உச்சியில் கேமராவும் சோலார் தகடும், அடியில் மண்ணுக்குள் நடையின் அதிர்வை அறியும் கருவி. யானை பாதைக்கு வந்தால் கம்பம் ஸ்டேஷனில் இருக்கும் எச்சரிக்கைப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி ரேடியோவில் ரயில் ஓட்டுநருக்குச் சொல்லும். ஓட்டுநர் வேகத்தை இருபது கிலோமீட்டருக்கு இறக்கி, ஹாரன் அடித்துக்கொண்டே வர வேண்டும். பெட்டி முதலில் ஆங்கிலத்தில் பேசியது. களைத்துப்போன நேரத்தில் ஆங்கிலம் காதில் ஏறாது என்று ஓட்டுநர்கள் சொல்லவும், ஸ்டேஷன் அறிவிப்பாளர் மாமோயோவை உட்கார வைத்து இண்டெபெலே மொழியில் அவள் குரலைப் பதிவு செய்தார்கள். நல்ல குரல், திருத்தமான உச்சரிப்பு. வினை அங்கேதான் விதைக்கப்பட்டது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஏனென்றால் மாமோயோ ஏற்கெனவே அதே ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவள். பராமரிப்பு ஆள் எவர் பாதையில் இறங்கினாலும் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். அவள் எல்லா வண்டிகளுக்கும் அறிவிப்பாள். ரயில்வேயின் ரேடியோப் பேச்சில் வினைச்சொல் கிடையாது. பெயர், இடம், கல். அவ்வளவுதான்; பெட்டிக்கும் அதே வழக்கம். வினைச்சொல் ஒன்று இருந்திருந்தால் மனிதரா மிருகமா என்று தெரிந்திருக்கும். நேரத்தை மிச்சப்படுத்த யாரோ ஒரு அதிகாரி அறுபது வருஷத்துக்கு முன் வெட்டிய வினைச்சொல் அது.

வெலாஃபிக்குக் கம்பங்களின் மேல் கிட்டத்தட்ட பக்தி. ஆறு மாதத்தில் ஒரு யானைகூடச் சாகவில்லை. சங்கிலி ஆணியில் தொங்கித் துருப்பிடித்தது. அந்தத் துருவைப் பார்க்கவே சில நாள் அவர் கிடங்குக்குப் போவதுண்டு.

அக்டோபரில் புலவாயோவிலிருந்து பொறியாளர் மிலிலோ வந்தார். மிலிலோ என்றால் நெருப்பு. மனிதர் என்னவோ ஈர விறகு.

"பொய் எச்சரிக்கை பதினொண்ணு," என்றார், ஓட்டுநர்கள் எழுதும் புத்தகத்தைத் தட்டி. "எல்லாம் எண்பத்து மூணாம் கல்லு. வண்டிய மெதுவாக்கிப் போய்ப் பாத்தா யானையே இல்லையாம். பன்னெண்டு ஆச்சுன்னா சோதனை தோல்வின்னு ஒப்பந்தத்துல இருக்கு. கம்பெனிக்காரங்க கம்பத்தக் கழட்டி வேற நாட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க."

"கம்பம் நல்லாத்தான் இருக்கு சார். நானே வாரம் தவறாமப் போய்த் துடைக்கிறேனே."

"பெட்டியோட பதிவுல இந்தப் பதினொண்ணுமே இல்ல. சொன்னதையே மறந்துபோற பெட்டி! வாயும் கோளாறு, ஞாபகமும் கோளாறு. வெள்ளிக்கிழமை நான் அறிக்கை எழுதணும் பாபா."

பெட்டி மறக்கவில்லை. அது சொல்லவே இல்லை. எண்பத்து மூன்றாம் கம்பத்தின் கேமராவில் புழுதி படிவதாகத் தகவல் வந்ததும் வெலாஃபி அதைத் துடைக்கப் போனார். போகும்போது விதிப்படி ஸ்டேஷனுக்குச் சொன்னார். மாமோயோ அறிவித்தாள்: "இண்ட்லோவு. பாதையில். எண்பத்து மூன்று." ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். "யானை எங்க பாபா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார். "யானையா? இங்க ஒண்ணும் இல்லையே" என்றார் வெலாஃபி, நேர்மையாக. புத்தகத்தில் ஒரு பொய் எச்சரிக்கை ஏறியது. புகார் கூடக் கூட வெலாஃபி இன்னும் அக்கறையாகப் போனார். போகப் போகப் புகார் கூடியது. தன் கண்ணான கம்பத்துக்கு எதிராகப் பதினொரு தடவை சாட்சி சொன்னவர் அவரேதான்.

மர்மத்தைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒரு ஆள், ஓட்டுநர் நியாத்தி. பதினோராவது தடவை வெலாஃபியைக் கடந்து போனபோது அவருக்குப் பொறி தட்டியது. எஞ்சினிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கையை சனிக்கிழமை மதுக்கடையில், முழுக் கூட்டத்தின் முன்னால் அவிழ்க்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

அன்று புதன்கிழமை.

மூன்றரை மணிக்கு, இரண்டு பேர் கை கொடுக்க, வெலாஃபி தள்ளுவண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார். கூட வர வேண்டிய சிபாண்டா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பல்வலி.

"சிங்கத்துக்கே பல்லு போச்சா?" என்றார் வெலாஃபி.

"சிரிக்காதீங்க பாபா. தனியாப் போவாதீங்க, நாளைக்குப் போலாம்."

"நாளைக்குப் போனா வெள்ளிக்கிழமை வந்துரும். ஆறு மணி வரைக்கும் வண்டி ஏதும் இல்ல. நீ போய்ப் பல்லப் பிடுங்கு."

நாலு மணிக்கு எண்பத்து மூன்றை அடைந்து ரேடியோவில் சொன்னார். மாமோயோ அறிவித்தாள். கம்பத்தில் ஏறிக் கேமராவைத் துடைத்தார், கம்பிகளைப் பிரித்துத் திரும்பப் பூட்டினார். குறை ஒன்றும் காணோம். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. குறை இருந்தால் சரி செய்யலாம்.

ஐந்தேகால். அந்தப் பாதை முழுக்க நேர்க்கோடு. ஒரு முனையில் தீக்குச்சி கிழித்தால் மறுமுனையில் தெரியும் என்பார்கள். ஆனால் சாயங்காலம் டெட்டே பக்கம் வரும் ஓட்டுநருக்கு எதிரே சூரியன் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒளிய இடமில்லாத அந்த நேர்ப்பாதையில், யானைகள் தண்ணீருக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

இடுப்பில் இருந்த ரேடியோ பேசியது. மாமோயோவின் நல்ல குரல்.

"இண்ட்லோவு. பாதையில். எண்பத்து மூன்று."

பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது பராமரிப்புக்காரனின் முதல் பாடம். வெலாஃபி பொத்தானை அழுத்தினார். "ஆஜர். இண்ட்லோவு. எண்பத்து மூன்று."

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தார். நாலு மணிக்கே அறிவித்துவிட்டாளே, மறுபடி ஏன்?

திரும்பினார்.

பதினான்கு யானைகள். தேக்குக் காட்டிலிருந்து சத்தமே இல்லாமல் வந்து, தள்ளுவண்டிக்கு அப்பால் ஐம்பது அடியில் தண்டவாளத்தில் நின்றிருந்தன. காலையில் போன சரக்கு வண்டியிலிருந்து சிந்திய சோளத்தைத் துதிக்கையால் கூட்டிக் கூட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு குட்டிகள் தண்டவாளத்துக்கு நடுவில். ஒரு கிழட்டுப் பெண் யானை அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

எதிர்ப்பக்கத்தில் தண்டவாளம் மெல்ல முணுமுணுத்தது. ரயில். ஆறு மணி வண்டி அரை மணி முன்னதாக வந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எந்த வண்டியும் முன்னதாக வந்து அவர் பார்த்ததில்லை. யானைகளைவிட அந்த அதிர்ச்சிதான் பெரிதாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

வேகம் குறையவில்லை. ஹாரனும் இல்லை.

"இண்ட்லோவு!" என்று கத்தினார் ரேடியோவில். "இண்ட்லோவு! பாதையில்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றது நியாத்தியின் குரல், சிரிப்போடு. "இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன் பாபா. ஓரமா நில்லுங்க. காலி வண்டி, அறுபதுல வரேன்."

"இண்ட்லோவு! எண்பத்து மூணு! இண்ட்லோவு!"

"உங்க பேரு எனக்குத் தெரியாதா? பக்கத்துல உங்க தம்பிங்க யாராச்சும் இருந்தாலும் நகரச் சொல்லுங்க!"

வெலாஃபி தாவிக் கம்பத்தில் தொற்றிக்கொண்டார். இந்த உலகத்தில் யானைக்கு இருக்கும் ஒரே சொல் அவருடைய பெயர். எவ்வளவு உரக்கக் கத்துகிறாரோ அவ்வளவு உறுதியாக நியாத்தி அவரையே நினைத்துக்கொள்கிறார். எஞ்சினின் முகம் புழுதிக்குள்ளிருந்து வளர்ந்துகொண்டே வந்தது.

மதுக்கடையில் யாரும் அவரை இண்ட்லோவு என்று கூப்பிடுவதில்லை. கல்யாணத்தில், சாவில், சர்ச்சில், எங்கேயும் கிடையாது. அந்தக் குலத்து மனிதரை மரியாதையாக அழைக்க ஒரு புகழ்ப்பெயர் உண்டு: காட்ஷேனி. மனிதருக்கு மட்டும் உள்ள பெயர். யானையை யாரும் காட்ஷேனி என்று சொல்வதில்லை. ரயில்வேயின் பேரேட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் இருபத்தாறு வருஷமாக அதைப் பாதையில் யாரும் உச்சரித்ததில்லை.

"நியாத்தி! காட்ஷேனி பேசறேன்டா! காட்ஷேனி கம்பத்துல தொங்கறான்! இண்ட்லோவு நான் இல்ல, பதினாலு நிக்குது, குட்டியோட நிக்குது, நிறுத்துடா!"

ரேடியோவில் ஒரு நொடி மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு பிரேக். நாற்பது காலி நிலக்கரிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி அலறின. ஹாரன் நிற்காமல் கத்தியது. யானைகள் திமிறின, புழுதி எழுந்து சூரியனையே மூடியது. தனியாளாகத் தூக்க முடியாத தள்ளுவண்டி அந்தப் புழுதிக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அதைக் கவ்வி, நசுக்கி, முப்பது அடி தள்ளிக்கொண்டு போய் நின்றது.

நியாத்தி எஞ்சினிலிருந்து பார்த்தது இவ்வளவுதான்: புழுதி, நசுங்கிய தள்ளுவண்டி, சக்கரத்தில் சுற்றிக்கொண்ட ஒரு காக்கிச் சட்டை. வெயிலுக்கு வெலாஃபி கழற்றி வண்டியில் போட்டிருந்த சட்டை. ரேடியோவை எடுத்தார். அந்த நிலையிலும் பழக்கம் போகவில்லை.

"மோதல். எண்பத்து மூன்று. இண்ட்லோவு."

டெட்டே ஸ்டேஷனில் ஜன்னல் திறந்திருந்தது. நடைமேடையில் முப்பது பேர் இருந்தார்கள். மாமோயோ "எந்த இண்ட்லோவு? எந்த இண்ட்லோவு?" என்று நாலு தடவை கேட்டாள். நியாத்தி அதற்குள் இறங்கி, சக்கரத்துக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்; வெலாஃபியின் ரேடியோ கம்பத்தடியில் விழுந்து உடைந்து கிடந்தது.

செய்தி ஊருக்குள் ஓடியது. அப்புறம் நடந்ததை வெலாஃபி பலர் வாயிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டார்; மனைவி வாயிலிருந்து மட்டும் பாதிதான். ஒரு தண்ணீர் லாரி எண்பத்து மூன்றுக்குக் கிளம்பியது. போர்வைக்காரர்களும் பேசின்காரர்களும் அதே லாரியில் ஏறினார்கள். சர்ச் பெண்கள் ஜெபக்கூட்டச் சீருடையைக்கூட மாற்றாமல் ஏறிப் பாட ஆரம்பித்தார்கள். மாங்வென்யா கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே, அழுதுகொண்டிருந்த மாடூபேயைப் பார்த்தாள்.

"இன்னிக்கு என்னடி புதுசா அழுக? உன் வீட்டுக்காரர் குலம்னா? போன தடவ ரெண்டு கிண்ணம் கறிச்சாறு வாங்கிக் குடிச்சியே, அப்ப வரலையே கண்ணீர்?"

மாடூபே இன்னும் அழுதாள்.

"கவலப்படாத, உனக்கு நெஞ்சுக்கறியா எடுத்து வெக்கிறேன்."

"அவரு எண்பத்து மூணுலதான் இருக்காரு," என்றாள் மாடூபே.

கத்தி நின்றது. மாங்வென்யா கத்தியைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். முதலை அழுததை டெட்டே ஊர் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

லாரி வந்து நின்றபோது யானைகள் போய்விட்டிருந்தன. ஒன்றுக்கும் காயமில்லை. வெலாஃபி பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நியாத்தி முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தார். வெலாஃபி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு பாதியில் அறுந்தது. ஜனங்கள் லாரியிலேயே நின்றார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், உண்மையான ஏமாற்றத்தோடு: "அப்ப... ஒண்ணுமே சாகலையா?"

"மன்னிச்சிருங்கப்பா," என்றார் வெலாஃபி.

சில பேர் சிரித்தார்கள். வெலாஃபி சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது லாரியை. எல்லோர் முகமும் தெரிந்தது, எல்லோர் கையும் தெரிந்தது. யார் போர்வை, யார் பேசின். சிபாண்டா, கன்னம் வீங்கியவன், போர்வை. சர்ச் காரியதரிசி, பேசின். தம்பி மகன், பேசின். எல்லோருக்கும் பின்னால், இறங்கத் தெரியாதவள்போல், மாடூபே. முகமெல்லாம் கண்ணீர். கையில் வீட்டின் பெரிய நீலப் பேசின்.

கூட்டம் வழிவிட்டது. அவள் வந்து எதிரில் நின்றாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். முதுகைத் தடவிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை.

"எதுக்கு இது?" என்றார் அவர், பேசினைப் பார்த்து.

மாடூபே குனிந்து பார்த்தாள். கையில் பேசின் இருப்பதை அவளே அப்போதுதான் பார்த்தாள்போல் இருந்தது.

"உங்களக் கழுவத்தான்," என்றாள்.

இறந்தவரைக் கழுவப் பேசின் வேண்டும். உண்மைதான். வெலாஃபி மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிலிலோ அறிக்கை எழுதினார். நியாத்தி சனிக்கிழமைக்கு வைத்திருந்த வேடிக்கையை இரண்டு நாள் முன்பே, அழுதுகொண்டே, அவரிடம் சொல்லியிருந்தார். மிலிலோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெலாஃபியைப் பார்த்தார்.

"பதினொரு தடவையும் நீங்களா?"

"நான்தான் சார்."

"பெட்டி சரியாத்தான் இருந்திருக்கு."

"நானும் சரியாத்தான் இருந்தேன் சார்."

பொய் எச்சரிக்கை: பூஜ்யம். கம்பங்கள் தங்கின. ஒரே ஒரு மாற்றம்: பராமரிப்பு ஆட்களைப் பாதையில் புகழ்ப்பெயர் சொல்லித்தான் அறிவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பேரேட்டில் கையால் கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் சேர்த்தார்கள். இப்படியாக, ஒரு சொல்லுக்கு மனிதரும் யானையும் உரிமை கொண்டாடியதில் யானை ஜெயித்தது. இருபத்தாறு வருஷ ஊழியத்துக்குப் பிறகு ரயில்வே வெலாஃபியை முதல் தடவையாக மரியாதையோடு கூப்பிட்டது. காரணம் மரியாதை இல்லை.

அவர் வீட்டுக்கும் ஒரு ரேடியோ கொடுத்தார்கள். அது அடுப்பங்கரை அலமாரியில் இருக்கிறது. நீலப் பேசினில் இப்போது கோழிக்குத் தவிடு. யானைக்கறி வரும் வாரங்கள் நின்றுபோனதில் மாங்வென்யாவின் நட்பு சற்றே மெலிந்திருக்கிறது.

சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு, சோளக்களியும் கீரையும் தட்டில் இருக்கும்போது, சில நாள் ரேடியோ பேசும்.

"இண்ட்லோவு. பாதையில். எண்பத்து மூன்று."

வெலாஃபியின் கை தானாகப் பொத்தானை நோக்கிப் போகும். மாடூபே அடுப்பை விட்டுத் திரும்பி, அவர் நாற்காலியில்தான் இருக்கிறாரா என்று தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள். அப்புறம்தான் சொல்வாள்:

"உங்கள இல்ல. சாப்பிடுங்க."